நாட்டுக்குச் சொல்றேன்

எங்கள் வீட்டு வாசல் டிவியில் வந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் நாற்பது விநாடிதான். ஆனால் அந்த நாற்பது விநாடியை ஒரு நாளில் எத்தனை முறை காட்ட முடியுமோ அத்தனை முறை காட்டினார்கள். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல் நாட்டில் இருக்கிறது எங்கள் ஊர். அதுவரை எங்கள் ஊருக்கு வந்த பெரிய மனிதர் என்றால் ஓட்டுக் கேட்க வந்தவர்தான். அவரும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. அப்பேர்ப்பட்ட ஊரைப் பற்றிக் கோட்டுப் போட்ட நான்கு பேர் தொண்டை கிழியப் பேசும்படி ஆகிவிட்டது. அதற்குக் காரணம் நான். படம் எடுத்தவள் நான்தான்.

எங்களுடையது ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம் இருந்த வீடு. வாசல் ஒன்று, கதவு இரண்டு. ஒரு கதவுக்குள் அப்பா, அம்மா, நான். அடுத்த கதவுக்குள் அப்பாவின் தம்பியான சித்தப்பா, சின்னம்மா, அவர்களுடைய கைக்குழந்தை. சித்தப்பாவைப் பிடிக்காதவர்கள் ஊரில் கிடையாது. கீழே புளி கொண்டுபோகும் ஜீப்பை ஓட்டுவார், வழியில் நடந்துபோகிற கிழவிகளைக் காசு வாங்காமல் ஏற்றிக்கொள்வார், திரும்பி வரும்போது எனக்குத் தேன்மிட்டாய் வாங்கி வருவார். எங்கள் ஊரில் முதன்முதலில் டச் போன் வாங்கியவரும் அவர்தான். வீட்டுக்கு வந்ததும் விளையாட அதை என்னிடம் கொடுத்துவிடுவார். பிறகு கைகால் கழுவுவார், சாப்பிட உட்காருவார், சில நாள் சாப்பிட்ட பிறகு சின்னம்மாவை அடிப்பார். இப்படி வரிசையாக எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. அன்றைக்கு இவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிற வீட்டுக் காரியங்களாகத்தான் இருந்தன.

சின்னம்மா அடி வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறவள் அல்ல. அக்கம்பக்கம் எல்லாம் கேட்கும்படி கத்துவாள். கத்தும்போது எப்போதும் ஒன்றைத்தான் சொல்லுவாள்: "நாட்டுக்குச் சொல்றேன் பாரு."

கீழே இருக்கிறவர்களுக்கு நாடு என்றால் தேசம். எங்களுக்கு நாடு என்றால் மலையில் பக்கம் பக்கமாக இருக்கிற சில ஊர்கள். புதூர்நாடு ஒரு நாடு, எங்களுடையது ஒரு நாடு. திருவிழாவுக்கு நாள் குறிப்பதும் சண்டை சச்சரவைத் தீர்ப்பதும் அந்தந்த நாட்டுப் பெரியவர்கள் கூடித்தான். ஆகவே நாட்டுக்குச் சொல்கிறேன் என்றால், பெரியவர்களைக் கூட்டி உன்மேல் வழக்கு வைக்கிறேன் என்று பொருள்.

சும்மா மிரட்டுவதற்காகச் சொன்னதும் இல்லை. இரண்டு முறை வழக்கு வைத்திருந்தாள். இந்த ஆளோடு என்னால் இருக்க முடியாது, கல்யாணத்தைத் தீர்த்து என்னைக் குழந்தையோடு விட்டுவிடுங்கள், என் அம்மா ஊருக்குப் போகிறேன் என்பதுதான் அவள் கேட்டது. இரண்டு முறையும் பெரியவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவன் அடித்ததைப் பார்த்தது யார்? அந்த வீட்டு ஆட்களில் ஒருவராவது வந்து சொல்லட்டும். அப்பா, தான் காட்டுக்குப் போயிருந்ததாகச் சொன்னார். இரண்டு முறையும் காட்டுக்குத்தான் போயிருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஊரார் காதில் கத்தல் விழுந்ததே தவிர, அடி யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு முறையும் சின்னம்மா வழக்கில் தோற்று அதே கதவுக்குள் திரும்பி வந்தாள்.

மூன்றாவது முறை அவள் யாரையும் நம்பவில்லை. ஒருநாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, போனில் படம் எப்படி எடுப்பது என்று கேட்டாள். நான் ஏதோ பெரிய வாத்தியார் மாதிரி விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அடுத்த வாட்டி உன் சித்தப்பன் என்மேல கைய வச்சா, எங்கனா சாய்ச்சு வச்சு அமுக்கிடு பாப்பா. நீ ஒண்ணும் பேசாத, கிட்ட வராத" என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. கடையில் போய் உப்பு வாங்கி வா என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். நானும் சரி என்று தலையாட்டினேன். அந்தப் போனில் எதையாவது எடுக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அது நடந்தது. குழம்பு சரியில்லை என்றோ என்னவோ ஆரம்பித்தது. நான் வாசலில் கிடந்த உரல்மேல் போனைச் சாய்த்துவைத்துச் சிவப்புப் புள்ளியை அமுக்கினேன். எதிரே அவர்கள் கதவு திறந்திருந்தது. சித்தப்பா தேர்தலுக்கு ஒரு கட்சி கொடுத்த பனியனைப் போட்டிருந்தார். நெஞ்சில் தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைவர் சிரிக்கச் சிரிக்கச் சித்தப்பா அடித்தார். நான் நேராகப் பார்க்கவில்லை, போனில்தான் பார்த்தேன். அதில் பார்த்தபோது அது யார் வீட்டிலோ நடப்பது மாதிரி இருந்தது. கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பாதியில் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து அந்தக் கதவை இழுத்துச் சாத்தியது. படத்தில் மீதி இருந்ததெல்லாம் சாத்திய கதவும் உள்ளேயிருந்து வந்த சின்னம்மாவின் குரலும்தான். நாட்டுக்குச் சொல்றேன், இந்த வாட்டி நாட்டுக்குச் சொல்லாம வுடமாட்டேன் என்று அவள் கத்தினாள்.

மறுநாள் சித்தப்பா குளிக்கப் போன நேரத்தில் சின்னம்மா போனிலிருந்த மெமரி கார்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். தன் பாட்டெல்லாம் எங்கே போய்விட்டது என்று சித்தப்பா இரண்டு நாள் வீட்டைப் புரட்டிப் போட்டார். அதற்குள் சின்னம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஜீப்பில் கீழே இறங்கி, ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய் கார்டை நீட்டினாள். இதில் இருப்பதை எல்லாம் போட்டோவாகப் போட்டுக் கொடுங்கள் என்றாள். எங்கள் பெரியவர்களுக்குக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் அது சாட்சி. ஓடுகிற படத்தைப் போட்டோவாக்க முடியாது என்று ஸ்டூடியோக்காரர் சொல்லிப் பார்த்திருக்கிறார். இவள் நகரவில்லை. கடைசியில் அவர் படத்தை அங்கங்கே நிறுத்தி ஆறு போட்டோ போட்டுக் கொடுத்தார். கல்யாணப் போட்டோ கொடுக்கிற ரோஜாப்பூ அச்சடித்த கவரில் போட்டுக் கொடுத்தார். சின்னம்மா அன்றைக்கே நாட்டுக்கு மூன்றாம் முறையாகச் சொல்லி அனுப்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடுவது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் டிவி வந்துவிட்டது. படம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஸ்டூடியோக்காரர், தான் யாருக்கும் கொடுக்கவில்லை என்று தன் குலசாமிமேல் சத்தியம் செய்தார்.

எங்கள் ஊரில் ஒரு வீடு எந்தக் கட்சி என்று தெரிந்துகொள்ளக் கொடியைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் எந்த டிவியின் செய்தி ஓடுகிறது என்று காதுகொடுத்தால் போதும். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் இரண்டு கட்சி டிவியிலும் எங்கள் வாசல் ஓடியது. ஒரு டிவியில் சித்தப்பாவின் முகத்தை மறைத்துவிட்டு, பனியனில் இருந்த தலைவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். தலைவருடைய சொந்த டிவியில் பனியனை மறைத்துவிட்டு முகத்தை அப்படியே காட்டினார்கள். சின்னம்மாவின் முகத்தை மறைக்க வேண்டும் என்று மட்டும் இரண்டு டிவிக்கும் தோன்றவில்லை.

ஏழு மணிக்கு விவாதம் நடந்தது. நாங்கள் பக்கத்து வீட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். சித்தப்பாவும் வந்து சுவரோரமாக நின்று பார்த்தார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் நிற்க இடம் விட்டு நகர்ந்துகொண்டார்கள். டிவியில் ஒருவர், இந்தப் படம் பக்கத்து மாநிலத்தில் எடுத்தது, கூரையைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். இன்னொருவர், ஆட்சி சரியில்லாததால்தான் மலையில் பெண்கள் அடிவாங்குகிறார்கள் என்றார். வக்கீல் அம்மா ஒருவர் மட்டும், அந்தப் பெண்ணின் முகத்தை ஏன் இப்படித் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். உடனே விளம்பரம் போட்டுவிட்டார்கள். விளம்பரம் முடிந்ததும் சின்னம்மா கத்தியதைப் போட்டு, நாட்டுக்கே சொல்வேன் என்று இந்த மலைமகள் முழங்குகிறாள், நாடு என்ன பதில் சொல்லப்போகிறது என்று நடுவில் உட்கார்ந்திருந்தவர் மேசையைத் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் குழம்பிப்போய், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடக்கப்போவது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

நான் சிரிக்கிற நிலையில் இல்லை. ஓய்வுபெற்ற அதிகாரி என்று ஒருவர் பேச ஆரம்பித்திருந்தார். அடி விழும்போது ஓடிப்போய்த் தடுக்காமல் நின்று படம் எடுத்திருக்கிறாரே, அந்த ஆளைத்தான் முதலில் பிடித்து உள்ளே போட வேண்டும் என்றார். மற்ற மூன்று பேரும் அதுவரை எதிலும் ஒத்துப்போகவில்லை. இதற்கு மட்டும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். போலீஸ் வந்தால் ஒளிந்துகொள்ள எங்கள் பலாமரத்தில் எந்தக் கிளை தோதாக இருக்கும் என்று யோசித்தேன்.

போலீஸ் வந்தது. சித்தப்பாவைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். இனிமேல் கைநீட்ட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு மறுநாளே அனுப்பிவிட்டார்கள். அவர் எனக்குத் தேன்மிட்டாயும் வாங்கி வந்தார். நான் வாங்கிக்கொண்டேன். அதன்பிறகு இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனி ஜீப்பில் வந்தார்கள். ஒரு கூட்டம், அது எங்கள் பனியன் இல்லை என்று சொல்லச் சொன்னது. இன்னொரு கூட்டம், அது அவர்கள் பனியன்தான் என்று சொல்லச் சொன்னது. சின்னம்மா இரண்டு கூட்டத்துக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை டிவிக்காரர்களே வந்தார்கள். மைக் பிடித்த பெண், சின்னம்மாவை எங்கள் வாசலில் உரலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தாள். அவளுக்கு என்ன வயதிருக்கும், காலேஜ் முடித்த புதிதாக இருக்கும். மலையேறி வந்த களைப்பிலும் மரியாதையாகத்தான் பேசினாள்.

"அக்கா, நாட்டுக்குச் சொல்வேன்னு சொன்னீங்க. இப்ப மொத்த நாடும் உங்களைப் பாத்துக்கிட்டிருக்கு. என்ன சொல்லப்போறீங்க?"

சின்னம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நான் சொன்னது எங்க நாடும்மா. ஞாயித்துக்கெழம அங்க சொல்றேன். உங்க நாட்டுல எனக்கு இன்னா வேல?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. இன்னொரு முறை கேட்டாள். சின்னம்மா இன்னொரு முறை அதையே சொன்னாள். அதை அவர்கள் ஒளிபரப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நாடு கூடிவிட்டது. கோயிலுக்கு எதிரே புளியமர நிழலில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக வராதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். புறப்படும் முன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும், வேறு எதுவும் வாயில் வரக் கூடாது என்றார். போலீஸ் பயத்தில் இருந்த எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டு தலைவாரிக்கொண்டிருந்தாள்.

பெரியவர்களுக்கு முதலில் கோபம்தான் இருந்தது. எல்லோருக்கும் மூத்தவர், "நாட்டு மானம் டிவில போயிடுச்சு. அங்கதான் எல்லாம் பேசிட்டாங்களே, இனிமே இங்க பேசறதுக்கு இன்னா கீது?" என்றார்.

"அங்க பேசினது அவங்கய்யா. நான் இன்னும் பேசல."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னம்மா அதைச் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. வீட்டுக்குள் அந்தக் கத்துக் கத்துகிறவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு நடந்ததை எல்லாம் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். எந்த மாதம், எதற்காக, எதை எடுத்து அடித்தான், எந்தக் கை வீங்கியது. சொல்லிவிட்டு ரோஜாப்பூ கவரை மூத்தவர் முன்னால் வைத்தாள். போட்டோக்கள் கைமாறிப் போயின. ஒரு பெரியவர், மிஷினில் எடுத்ததை எப்படி நம்புவது, பக்கத்து மாநிலத்தில் எடுத்தது என்று டிவியிலேயே சொல்கிறார்களே என்றார். சித்தப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண்ணால் பார்த்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது. அப்பா காட்டுக்குப் போயிருந்ததாக மறுபடியும் சொன்னார்.

மூத்தவர் கையில் ஆறாவது போட்டோ இருந்தது. கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்டப் பிடித்துப் பார்த்தார். கதவும் அதை இழுக்கிற கையும் மட்டும் இருக்கிற போட்டோ அது. அத்தனை நாள் விவாதத்தில் பனியனுக்கு வட்டம் போட்டார்களே தவிர, அந்தக் கையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. அவர் தமக்குள் பேசிக்கொள்வது மாதிரி, "இது யாரு கை?" என்றார்.

வகுப்பில் விடை தெரிந்த கேள்வி வந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. அப்பா சொன்னது, போலீஸ், பலாமரம் எல்லாம் மறந்துபோயின.

"எங்க அம்மா கை!"

கூட்டம் மொத்தமும் அம்மா பக்கம் திரும்பியது. அப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. அம்மாவை மாட்டிவிட்டோம், கதவைச் சாத்தியது குற்றம், அம்மாவைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மூத்தவர் அம்மாவைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார். "அப்ப நீ பார்த்திருக்கியேம்மா?"

அம்மா எழுந்து நின்றாள். தலையைக் குனியவில்லை. "பார்த்தேங்க. அவரு அடிச்சாரு. அன்னிக்கு மட்டும் இல்ல, எல்லாத் தடவையும் பார்த்தேன். போன ரெண்டு வாட்டி நான் சொல்லாதது தப்பு."

சின்னம்மா அப்போதுதான் அழுதாள். அடித்தபோது அழாதவள், டிவியில் வந்தபோது அழாதவள், இப்போது குழந்தையின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

வழக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். வீட்டு ஆள் சாட்சி சொல்லியாகிவிட்டது. மூத்தவருக்கு மட்டும் ஏதோ ஒன்று மிச்சமிருந்தது. போட்டோவை இன்னும் கையில் வைத்திருந்தார். "பார்த்த ஆளு தடுக்காம கதவ இன்னாத்துக்கும்மா சாத்தின?"



"பழக்கமுங்க" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் சொன்னாள். அம்மாவுக்குப் பதில் சரியாக வரவில்லை, அதனால்தான் எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அவளை மாட்டிவிட்டது நான், காப்பாற்ற வேண்டியதும் நான்தானே. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்.

"ஆமாங்க. எங்க வூட்லயும் அப்பா கோவமா வந்தா, அம்மா என்ன ஆட்டுக்குட்டிய பாக்கச் சொல்லி வெளிய அனுப்பிட்டு கதவ சாத்திக்கும்."

யாரும் என்னைப் பாராட்டவில்லை. மூத்தவர் போட்டோவைக் கீழே வைத்தார். பெண்கள் பக்கம் யாரோ அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அப்பா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பெரியவர்கள் தங்களுக்குள் பேசி, கல்யாணத்தைத் தீர்த்துச் சின்னம்மாவைக் குழந்தையோடு விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவள் அன்றைக்கே துணிமூட்டையோடு தன் அம்மா ஊருக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில், நான் நன்றாகச் சொன்னேனா என்று அம்மாவிடம் இரண்டு முறை கேட்டேன். நன்றாகச் சொன்னாய் என்றாள். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. சின்னம்மா பாவம், அவளுக்கு வாய்த்தவர் மோசமான மனிதர், என் அம்மாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டே குதித்துக் குதித்து நடந்தேன். சின்னம்மாவின் கதவுக்குப் பின்னாலிருந்து கத்தல் வரும். எங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒருநாளும் ஒரு சத்தமும் வந்ததில்லை.